இரண்டால் பிரி

மூன்றாம் பாடவேளை. தரம் ஒன்பது, பி.
கரும்பலகையில் எழுதினேன்:
ஒலி, வளியில், செக்கனுக்கு
முந்நூற்று நாற்பது மீற்றர்.
முப்பத்தொரு கொப்பிகள் வாங்கிக்கொண்டன.
முகங்கள் வாங்கவில்லை.

வாழைச்சேனைக்கு இடமாற்றம் கேட்டு
நான் எழுதிய கடிதம் பையில் இருந்தது.
மூதூர் வெயிலில்
கூரைத் தகரம் மட்டும்
என்னோடு கதைத்துக்கொண்டிருந்தது.

கடைசி வாங்கிலிருந்து கஜநாத்,
தவணை முழுதும் வாய் திறவாதவன்,
கையை உயர்த்தாமலே கேட்டான்:
"அண்ணாட போட்டில ஒரு பெட்டி இருக்கு சேர்.
கடல் எத்தனை மீற்றர் எண்டு காட்டும்.
கயிறு விடாம, கல்லுக் கட்டாம
அதுக்கு எப்பிடித் தெரியும்?"

விடை என்னிடம் இருந்தது,
இரண்டு புள்ளிக்குரிய விடை.
அந்தப் பெட்டியைத்தான் நான் கண்டதில்லை.
அந்த வெட்கத்தில் கேட்டுவிட்டேன்:
"நீங்கள் என்ன நினைக்கிறீங்க?"

காந்தம், என்றான் றிப்கத்.
சட்டலைட், என்றாள் யதுசிகா.
"சும்மா ஒரு நம்பரக் காட்டி ஏமாத்துது"
என்றாள் ஹப்ஸா,
கடலுக்குப் போகாத வீட்டுப் பிள்ளை.
சண்டை மூண்டது.
நான் ஆசிரியனான நாலு வருடத்தில்
பாடத்துக்காக நடந்த முதல் சண்டை.

மைதானத்துக்கு இறங்கினோம்.
எதிரே நெல் களஞ்சியத்தின் பெருஞ்சுவர்.
கஜநாத் கை தட்டினான்.
சுவர் ஒருமுறை திருப்பித் தட்டியது.
அவன் பின்னால் ஓரடி வைத்தான்,
ஆரோ கூப்பிட்டதுபோல.

சுவரின் தட்டலும் நம் தட்டலும்
ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை
தட்டிப் பழகினோம்.
அதிபர் யன்னலால் எட்டிப் பார்த்து
என்ன விழா என்று கேட்டுவர ஆள் அனுப்பினார்.
இருபது தட்டலுக்குப் பத்துச் செக்கன்.
ஒன்றுக்கு அரை.
கணக்குப் பார்க்கத் தாள் தேடி
பையிலிருந்து அகப்பட்டதை எடுத்தேன்.

கணக்குச் சொன்னது நூற்றெழுபது மீற்றர்.
விளையாட்டுப்போட்டி நாடா பிடித்து
றிப்கத் அளந்துவந்தது எண்பத்தாறு.

யார் பொய்?

வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
ஹப்ஸா சுவரைப் பார்த்தாள்,
தன் கையைப் பார்த்தாள்.
"போனத மட்டுமில்ல சேர்,
வந்ததயும் சேத்தெல்லோ எண்ணியிருக்கிறம்."

இரண்டால் பிரி.
புத்தகத்தில் அது ஒரு பெட்டிக்குள் இருக்கிறது.
ஆண்டுதோறும் வாசித்துக் காட்டியிருக்கிறேன்.

மறுநாள் ஒரு தொலைபேசி வந்தது.
பாடசாலைக்குத் தொலைபேசி தடை,
அறிவித்தலின் கீழே இருப்பது என் கையெழுத்து.
கதவைச் சாத்திவிட்டுப் பார்த்தோம்.
கொட்டியாரக் குடா, விடியப்புறம்,
அண்ணாவின் இருமல், எஞ்சின்,
சின்னத் திரையில் இலக்கங்கள்:
பதினெட்டு. இருபத்துநாலு. நாற்பத்தொன்று.
எழுபத்தைந்து.
நீரில் ஒலிக்குச் செக்கனுக்கு ஆயிரத்து ஐந்நூறு.
போய்வரப் பத்தில் ஒரு செக்கன் என்று
எனக்கு முதலே பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.
பிறகு இலக்கம் நின்றது.
மூன்று கோடுகள்.

"பழுதா?"
"இல்ல. அதில கிடங்கு. எப்பவும் அப்பிடித்தான்."

யதுசிகா கேட்டாள்:
"போனது திரும்பி வராட்டி சேர்?"

அவள் வீட்டுச் சுவரில் மாமாவின் படம் உண்டு.
அவள் பிறக்கமுன் எடுத்தது.
அதற்கு மாலை போட
இன்னும் யாரும் சம்மதிக்கவில்லை.

நான் பேசவில்லை.
ஹப்ஸாதான் சொன்னாள், மெதுவாக:
"வராட்டி அடி இல்லயெண்டில்ல.
இந்தப் பெட்டிக்கு எட்டேல்ல, அவ்வளவுதான்."
"அப்ப பெரிய பெட்டி வேணும்" என்றான் கஜநாத்.

மணி அடித்தது. எவரும் எழும்பவில்லை.
"திமிங்கிலம் அதுக்குள்ளதானே போகுது,
அதுக்கு ஆர் சேர் ஆழம் சொல்றது?"
எந்த வாங்கிலிருந்து என்று நினைவில்லை.

கடிதம் இன்னும் பையில்தான்.
பின்பக்கம் முழுக்க எண்கள்.
இனி அதை வலயக் கந்தோருக்கு அனுப்ப முடியாது.

அன்றைக்கு வெண்கட்டி எடுத்து
பலகை நடுவில் எழுதினேன்:
தெரியாது.

முப்பத்தொரு பேரும்
திகதி போட்டு
அதை எழுதிக்கொண்டார்கள்.